கோட்டுக்கு வெளியே நின்ற கார்குழலி

2003 கோடையில் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒருவரிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால் தண்ணி லாரி வரிசைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் முடியாது, ஒரே அறை, அதற்குள் குடும்பம் முழுவதும். மாடிப்படியில் முடியாது, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோருக்கும் காது உண்டு. லாரிக்காகக் குடம் போட்ட வரிசையில் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர் காதோடு சொல்வது மூன்றாவது குடத்துக்கு எட்டாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் கார்குழலி. அதன் பிறகு எங்கள் ஆய்வின் பாதிப் பேட்டிகள் பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவில்தான் நடந்தன.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா ரயில்வே பணிமனையில் கலாசி, அதாவது கடைநிலைத் தொழிலாளி. அம்மா வீட்டிலேயே தையல். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று வீட்டில் யாரும் முடிவு செய்யாத ஒரு இடைவெளியில் இருந்தாள். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பெண்கள் அணிக்குக் கோல் கீப்பர். நான்கு மணியிலிருந்து ஐந்து வரை பெண்களுக்கு. அதற்குப் பிறகு இருட்டும் வரை பையன்களுக்கு. அந்த ஒரு மணி நேரத்தை வாங்குவதற்கே அவள் பயிற்சியாளர் பாஸ்கர் மாஸ்டரிடம் ஒரு வருஷம் சண்டை போட்டிருந்தாள்.

ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறையும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து, பள்ளிக்கூடம் முடிந்த பிறகு வடசென்னை இளைஞர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பின. வழக்கம்போல வெளியாட்கள் போய்க் கேட்டுக் குறித்துக்கொண்டு வருவது வேண்டாம்; அந்தப் பகுதி இளைஞர்களே கேள்விகளை யோசிக்கட்டும், அவர்களே கேட்கட்டும், கிடைத்ததை ஊருக்கும் அவர்களே சொல்லட்டும் என்பது ஏற்பாடு. ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தோம். அதை ஒருங்கிணைக்க நான் பர்மிங்காமிலிருந்து வந்திருந்தேன். வந்த நாளிலிருந்து பயம்தான். தண்ணீரைக் கண்டு பயம், வெயிலைக் கண்டு பயம், எதையாவது தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று பயம். கேள்விகளை இரண்டு மொழியிலும் எழுதி, மூன்று முறை திருத்தி, கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தேன்.

கார்குழலி முதல் கேள்வியை உரக்கப் படித்தாள். "ஓய்வு நேரத்தை எவ்வகையில் பயன்படுத்துகிறீர்கள்?" படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எக்கா, இத்த கேட்டா, ரேஷன் கார்டு புடுங்க வந்துகீறாங்கன்னு ஓடிருவானுங்கோ."

"பின்னே எப்படிக் கேட்கணும்?"

"'சாயங்காலம் எங்க சுத்திக்கினு கீற?'ன்னு கேக்கணும். திட்ற மாரி கேட்டாதான் நம்ம ஆளுன்னு பதில் சொல்லுவான்."

"தேங்க்ஸ் சொல்லணுமா கடைசில?" என்று தீனா கேட்டான். அவனும் வியாசர்பாடிக் குழுவில் ஒருவன். பதினெட்டு வயது. பையன்கள் அணியில் ஆடுகிறவன். எதையும் கிண்டலாகவே பேசுவான்.

"நீ தேங்க்ஸ் சொன்னா அவனுக்கு ஜொரம் வந்துரும்டா," என்றாள் கார்குழலி.

சிக்கல் பெயரில் வந்தது. பேசியவரின் சொந்தப் பெயர் எங்கும் வெளியே வரக்கூடாது, மாற்றுப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று விதி. எல்லா ஆய்வுகளிலும் உள்ள விதிதான். ஆனால் வியாசர்பாடிக் குழு ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்முன்னு வெச்சா, எங்க பிளாக்குல எத்தினி அம்மு கீறாங்க தெரியுமா? அத்தினி பேரும் சண்டைக்கு வருவாளுங்கோ. 'நான் எப்படி அப்டி சொன்னேன்'னு," என்றான் தீனா.

"அங்கே யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்து வையுங்கள்."

"இல்லாத பேரு வியாசர்பாடில ஏதுக்கா? வெள்ளக்காரன் பேரு வெச்சாலும் ஒருத்தன் கீறான்."

அது நிஜம். ஒருவன் சொன்னதற்கு இன்னொருவன் அடி வாங்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. கடைசியில் கார்குழலிதான் வழி சொன்னாள். பெயரே வேண்டாம், நம்பர் வைப்போம். பேசுகிறவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். மற்றக் குழுக்களும் சரி என்றன. கல்லூரி அரங்கத்தில் ஒத்திகை பார்த்தபோது, 'ஏழாம் நம்பர் சொன்னது, மூன்றாம் நம்பர் சொன்னது' என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, ராயபுரத்துப் பிள்ளைகளுக்கும் திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கும் அது யாரென்று தெரியவே இல்லை. எங்களுக்கும் தெரியவில்லை. பேராசிரியர்கள் கைதட்டினார்கள்.

இப்போது இதை எழுதலாமா என்று போனில் கேட்டபோது கார்குழலி சொன்னாள்: "எழுதுங்கக்கா. ஜெயாண்ணாவாண்டயும் கேட்டுட்டேன், எழுதச் சொல்லுன்னார். பேரு மாத்தி வைங்க. நம்பரு மட்டும் வெக்காதீங்க." அவள் இன்று தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். காலையில் மாநகராட்சிப் பள்ளிப் பெண்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறாள்.

அவள் சொன்ன ஜெயாண்ணா, ஜெயவேல், அவளுடைய மாடியிலேயே எதிர் வீடு. அவளைவிட ஒரு வயது மூத்தவன். பையன்கள் அணியின் கேப்டன். அப்பா இல்லை. அம்மா செல்லக்கனி பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு கிடங்கில் கோணி தைப்பவர். ஜெயவேலின் இடது காலைப் பற்றி அந்தப் பகுதியில் பேசாத ஆள் கிடையாது. பாஸ்கர் மாஸ்டர் யார் யாரையோ பார்த்து, ஒரு தொழிற்சாலை அணியின் தேர்வுக்கு அவன் பெயரைக் கொடுத்திருந்தார். தேர்வு அடுத்த மாதம் ராயபுரத்தில். அணியில் எடுத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை. எட்டாவது வரை படித்திருந்தால் போதும். செல்லக்கனியம்மா வேலையே கிடைத்துவிட்டது போல மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் லாரி வரிசையில் அம்மாவின் குடத்தோடு ஜெயவேல் நின்றிருந்தான். கார்குழலி பின்னால் குடத்தை வைத்தாள்.

"இன்னாண்ணா, சாயங்காலம் எங்க சுத்திக்கினு கீற?"

"உனுக்குத் தெரியாதா? கிரவுண்டுலதான்."

"தெரிஞ்சாலும் கேக்கணும். ரூலு. சரி, படிப்ப ஏன் வுட்ட?"

ஜெயவேல் குடத்தின் கழுத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். "நான் வுடல. அது என்னாண்ட வரவே இல்ல."

"பத்தாவது வரைக்கும் போனியே?"

"போனேன். பெஞ்சு தேச்சேன். ஸ்கூலு டீமுக்கு ஆடறவன்னு ஒவ்வொரு வருஷமும் தள்ளி வுட்டானுங்கோ. எனுக்கு எழுத்து தெரியாது குழலி. கையெழுத்து போடுவேன். அது படம் வரையற மாரி."

அவள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்போ டீம் லிஸ்டு?"

"'கை நோவுதுடா, நீ எழுது'ன்னு தீனாவாண்ட குடுத்துருவேன். பஸ்ஸு நம்பரு தெரியும். போர்டுல இன்னா போட்டுக்கீதுன்னு தெரியாது."

"யார் யாருக்குத் தெரியும் இது?"

"இப்போ உனுக்கு."

"ஏன்ணா என்னாண்ட சொல்ற?"

"யாரும் கேக்கலியே இத்தினி வருஷமா."

லாரி வந்துவிட்டது. எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடும்போதே அவள் கத்தினாள்: "உனுக்கு இன்னா நம்பரு வெக்கறது?"

"பத்து!" என்றான் அவன். கேட்க வேண்டிய அவசியமே இல்லாத கேள்விபோல.

ஊருக்குச் சொல்லும் கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அம்பேத்கர் மன்றத்தில் வைத்தோம். புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் மாலை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, மிக்சர் பொட்டலம் வாங்கி வைத்தோம். கரண்டு போய்விடுமோ, ஆட்கள் வராமல் போய்விடுவார்களோ என்றுதான் என் கவலையெல்லாம். ஆட்கள் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் வந்தார்கள். செல்லக்கனியம்மா முன்வரிசையில். பாஸ்கர் மாஸ்டர் சுவரோரம். ஜெயவேல் தன் ஆட்டக்காரர்களோடு வாசற்படியில்.

முதலில் தீனா எழுந்தான். "ஏழாம் நம்பர் சொன்னது. 'டைப்பிங் கிளாசுக்குன்னு காலைல கெளம்புவேன். கிளாசுக்குப் போவ மாட்டேன். பீச்சு ஸ்டேஷன்ல உக்காந்து ட்ரெய்ன எண்ணிகினு இருப்பேன்.'"

மன்றம் கொல்லென்று சிரித்தது. நடுவிலிருந்து ஒரு அம்மா எழுந்து, வாசற்படியில் நின்ற ஒல்லிப் பையனைப் பார்த்து, "அடப் பாவி, டைப்பிங்கு பீஸ்ஸு கட்டிகினு கீறேன்டா!" என்றார். அவன் தலையைக் கையால் மறைத்துக்கொண்டான். இன்னும் சிரிப்பு. எல்லோரும் சிரித்ததால் கார்குழலியும் சிரித்துக்கொண்டேதான் மைக்குக்கு வந்தாள்.

பயிற்சியில் நாங்கள் சொல்லியிருந்தோம், கேட்டவற்றில் எது கனமான சொல்லோ அதை முதலில் சொல்லுங்கள் என்று. அவள் அப்படியே செய்தாள்.

"பத்தாம் நம்பர் சொன்னது. 'நான் பத்தாவது வரைக்கும் போனேன். எனுக்கு எழுத்து தெரியாது.'"

தலைகள் திரும்பின. மன்றத்தில் இருந்த ஒவ்வொரு தலையும், முன்வரிசையிலிருந்து சுவரோரம் வரை, வாசற்படியை நோக்கித் திரும்பியது.

கல்லூரி அரங்கத்தில் பத்தாம் நம்பர் யாராகவும் இருக்கலாம். அந்த மன்றத்தில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு அணி, ஒரே ஒரு பத்தாம் நம்பர். பேட்டி கொடுத்தவர்களில் மைதானத்தில் ஆடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் பனியன் நம்பரையே சொல்லியிருந்தார்கள். வேறு நம்பர் சொல்ல அவர்களுக்குத் தோன்றக்கூட இல்லை. அது அவரவர் சம்பாதித்தது. எழுதிக்கொண்டவர்களும் அதே மைதானத்தில் ஆடுகிறவர்கள். பெயரை மறைக்கிறோம் என்று நினைத்து, பெயரைவிடப் பலருக்குத் தெரிந்த ஒன்றை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கார்குழலி வாயை மூடிக்கொண்டாள். செல்லக்கனியம்மா எழுந்தார். கோபமாக அல்ல. புரியாமல்தான் கேட்டார்.

"ஜெயா, அப்போ டெய்லி எனுக்குப் பேப்பர் படிச்சிக் காட்டினியே, அது?"

டீக்கடையில் கேட்டதை வைத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் பேப்பரை விரித்துப் பிடித்து, அவன் அம்மாவுக்குச் செய்தி 'படித்து' வந்திருக்கிறான். கிடைக்காத செய்திகளை அவனே செய்து போட்டிருக்கிறான். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். ஜெயவேல் செருப்பைத் தேடாமல் படியிறங்கிப் போனான்.

மறுநாள் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. விடியும் முன்பே கிளம்பி, மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் மூட்டை இறக்கப் போய்விடுகிறான் என்று தெரிந்தது. தேர்வு நாள் காலையில் பாஸ்கர் மாஸ்டர் ராயபுரம் மைதானத்தின் கேட்டில் நின்று பார்த்தார். வந்தவர்களில் இவன் இல்லை. அந்த வருஷத் தேர்வு போனது போனதுதான்.

"எழுத்து தெரியலன்னா இன்னாடா," என்று மாஸ்டர் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் புலம்பினார். "கோல் போஸ்டுல இன்னா எழுதியா வெச்சிருக்கு?"

கார்குழலிக்குத் தண்ணி வரிசையில் இடம் இருந்தது, பேச்சு இல்லை. அவள் குடத்தை வைத்ததும் முன்னாலும் பின்னாலும் அமைதியாகிவிடுவார்கள். "வாயத் தொறக்காத, மைக்கு வருது," என்று ராஜாத்தி என்கிற பக்கத்து வீட்டுப் பெண் அவள் காதுபடவே சொன்னாள். வீட்டில் அப்பா, "எதிர் வூட்டு மூஞ்சில எப்டி முழிக்கறது?" என்று கேட்டார்.

கல்லூரியில் கூடினோம். பத்தாம் நம்பர் சொன்னதை முழுவதுமாக எடுத்துவிடலாம், எழுத்தில் மன்னிப்புக் கேட்டுவிடலாம், மற்ற இரண்டு பகுதிகளில் வேலையைத் தொடரலாம் என்று பேசினோம். அறிக்கைக்கு நாள் குறித்தாகிவிட்டது. நானும் அதையே சொன்னேன்.

"எழுத்துல மன்னிப்பா?" என்றாள் கார்குழலி. "அத்த யாரு அவருக்குப் படிச்சிக் காட்றது?"

நான் பேனாவை மூடினேன்.

"எங்க கிரவுண்டுல ஒரு ரூலு கீதுக்கா," என்றாள். "ஒருத்தன் கால்ல அடிச்சுட்டோம்னா, அடிச்சவன் வெளிய போவணும். அடிபட்டவன் எழுந்து உள்ள வர வரைக்கும் அடிச்சவன் உள்ள வரக் கூடாது. அவன் ஒரு வாரம் நொண்டினா இவனும் ஒரு வாரம் கோட்டுக்கு வெளிய. ரெஃப்ரி எல்லாம் கிடையாது. அவனே போய் நிக்கணும்."

"எவ்வளவு நாள்?"

"தெரியாதுக்கா. அதுவரைக்கும் நான் யாரையும் எதுவும் கேக்க மாட்டேன்."

அன்றிலிருந்து நான்கு மணிக்கு அவள் மைதானத்துக்கு வந்தாள். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, தலையை இறுக்கி முடிந்துகொண்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றாள். கோலுக்கு வேறு ஆள் இல்லாததால், பின்வரிசையில் தடுத்து ஆடுகிற சிவந்தி என்கிற பெண்ணை நிறுத்தினார்கள்.

"எக்கா," என்று சிவந்தி அங்கிருந்தே கத்துவாள், "நான் பேக் ஆடறவக்கா! பந்து வந்தா கண்ண மூடிக்கினு கீறேன். ஒயுங்கா வந்து நில்லுக்கா!"

"கண்ணத் தொறந்துகினு கோல மூடு," என்பாள் இவள் வெளியிலிருந்து.

கொளத்தூரிலிருந்து வந்த அணியிடம் பெண்கள் மோசமாகத் தோற்றார்கள். பாஸ்கர் மாஸ்டர் விசிலைத் துப்பிவிட்டு வந்தார். "அந்த ரூலு காலுக்குத்தாம்மா. வாய்க்கு இல்ல."

"ஃபவுலு ஃபவுலுதான் மாஸ்டர்."

"அவன் வரவே மாட்டான்னா?"

அவளுக்கும் அதுதான் பயம். அவன் யார்டிலேயே தங்கிவிட்டால், மைதானம் அவளுக்கு இல்லை. கேட்பதும் இல்லை. அந்த மாடியில் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் இருப்பது?

ஒருநாள் மத்தியானம் செல்லக்கனியம்மா கதவைத் தட்டினார். கார்குழலியின் அம்மா தையல் மிஷினை நிறுத்தினார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

"திட்டுங்க பெரிம்மா," என்றாள் கார்குழலி.

"திட்றதுக்கு வரல. திட்டணும்னா அன்னிக்கே மன்றத்துலயே கிழிச்சிருப்பேன்." கீழே உட்கார்ந்தார். "பேப்பர் படிக்கறத நிறுத்திட்டான்டி. வர்றான், துன்றான், சொவத்தப் பாத்துகினு படுக்கறான். அவன் படிச்சது பொய்யோ நெசமோ, நல்லா இருக்கும்டி. எங்கியோ ஒரு ஊர்ல யானை போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள பூந்துச்சின்னு சொன்னான் ஒருநாளு. நானும் கெடங்குல போயி எல்லார்கிட்டயும் சொன்னேன்."

கார்குழலியின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்லக்கனியம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

"நீ கெளறி வுட்ட. நீதான்டி மூடணும்."

"எப்டி மூடறதுன்னு தெரியல பெரிம்மா."

"அப்போ நில்லு," என்றார் அவர். "நீ கோட்டுக்கு வெளிய நிக்கறன்னு சொன்னானுங்கோ. அவனாண்டயும் சொல்லி வெச்சேன். மொறச்சான்."

அதற்கு அடுத்த வாரம் ஜெயவேல் வந்தான். ஆடும் உடுப்பில் இல்லை. யார்டிலிருந்து நேராக, சட்டை முழுக்கச் சிமென்ட் தூசியோடு. கோட்டுக்கு வெளியே, அவளுக்குச் சற்றுத் தள்ளி நின்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிவந்தி கோல் வாங்குவதைப் பார்த்தார்கள்.

"எவ்ளோ நாளு நிப்ப?"

"நீ உள்ள போற வரைக்கும்."

"நான் போவலன்னா?"

"நின்னுகினு இருப்பேன்."

"லூசு."

"சரிண்ணா."

அவன் ஷூ இல்லாத காலால் ஒரு கல்லைத் தள்ளினான். "உங்களாண்ட ஒரு டேப் கீதே. அந்த மிஷினு. அத்த எனுக்குக் குடு."

"எதுக்கு?"

"யார்டுல ஒருத்தன் சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல வந்து குந்தினான். 'மன்றத்துல உன்னப் பத்திச் சொன்னாங்களாமே'ன்னான். அடிக்கலாம்னு எழுந்தேன். 'நானும் அப்டித்தான்'னான். அப்பால இன்னொருத்தன். அப்பால நம்ம பிளாக்லயே ஒரு பொண்ணு, படிக்கட்டுல நிறுத்தி வேற ஒண்ணு சொல்லுச்சு. வந்துகினே கீறாங்கோ குழலி. உன்னாண்ட இதெல்லாம் சொல்ல மாட்டாங்கோ. நீ ஒயுங்கா கீறவ. என் மானந்தான் போயிருச்சே, அதனால என்னாண்ட சொல்றாங்கோ."

"டேப்புல அவங்க கொரலு வந்தா, பிளாக்குல எல்லாருக்கும்—"

"அவங்க கொரலு எதுக்கு? அவங்க பேசும்போது மிஷின் வேணாம். நான் கேட்டுக்கறேன். எனுக்கு மறக்காது. எழுதத் தெரியாதவனுக்கு மறந்தா அவ்ளோதான். அப்பால வூட்டுக்கு வந்து எல்லாத்தையும் கலந்து நானே பேசறேன். யாருன்னு கேட்டா நான்தான்னு சொல்லிக்கறேன். என் பேரு ஏற்கெனவே நாறிப் போச்சு. இன்னும் நாலு பேரோடத அதுமேல போட்டா இன்னா?"

கார்குழலி என்னிடம் வந்து இதைச் சொன்னபோது, நான் விதிகளை எடுத்துப் புரட்டினேன். ஒருவர் பெயரில் பலர் சொன்னதைப் போடலாமா என்று எதிலும் இல்லை. கூடாது என்றும் இல்லை. டேப்பையும் கேசட்டுகளையும் எடுத்துக் கொடுத்தேன். ஆய்வுக்குழுவில் ஒருவனாக ஜெயவேலையும் சேர்த்துக்கொண்டோம்.

மழை தொடங்கும் சமயத்தில் இரண்டாவது கூட்டம். மன்றம் மறுபடி நிரம்பியது. பாதிப் பேர் வேடிக்கைக்காக வந்தவர்கள்தான். இந்த முறை ஒருவர் மாற்றி ஒருவர் வரவில்லை. ஒருவன்தான் மைக்குக்கு வந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"என் பேரு ஜெயவேலு. எனுக்கு எழுத்து தெரியாது. அது உங்களுக்குத் தெரியும்." நிறுத்தினான். "நான் கப்பல் கம்பெனில வேலைன்னு வூட்ல சொல்லிகினு கீறேன். வேல போயி மூணு மாசம் ஆச்சு. தெனம் டிபன் பாக்ஸ எடுத்துகினு காசிமேட்ல போயி குந்திகினு கீறேன்."

"டேய், அது யார்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான்தான்."

"நீ எப்படா கப்பல் கம்பெனிக்குப் போன?"

"நான்தான்னு சொல்றேன்ல." அடுத்ததற்குப் போனான். "நான் பன்னெண்டாவது பாஸு. நல்ல மார்க்கு. கல்யாணம் பேசறாங்கோ. மாடில நின்னு கிரவுண்டப் பாக்கறேன். எறங்கி வந்தா எங்கண்ணன் காலு ஒடச்சிருவான்."

அரும்பு மீசையோடு நின்றுகொண்டு அவன் அதைச் சொன்னதும் மன்றம் வெடித்துச் சிரித்தது. "நீ இன்னா பொண்ணாடா?" என்று கத்தினான் தீனா, அடக்க முடியாமல்.

"ஆமா. இன்னிக்குப் பொண்ணு."

சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஓடி, பிறகு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. பெண்கள் பக்கம்தான் முதலில் அடங்கியது. அவன் சொல்லிக்கொண்டே போனான். நான் போலீஸ்காரன் புடிச்சுகினு போயி ராத்திரி பூரா நிக்க வெச்சவன். நான் டென்த்து பரிட்சை அன்னிக்கு, சப்வேல தண்ணி நின்னதால போகாதவன். அப்பால யாரும் மறுபடி எழுதுன்னு சொல்லாதவன். நான் குடிக்கறதுக்குப் பழகி, வுடத் தெரியாம கீறவன். ஒவ்வொன்றுக்கும் யாராவது "அது யாரு?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் "நான்தான்" என்றான். கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். தலைகள் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. திரும்ப ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அங்கேயே அவன் நின்றான்.

முடித்ததும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசையிலிருந்து செல்லக்கனியம்மாதான் எழுந்தார்.

"ஏன்டா, இத்தினி பேரும் என் வூட்லயா துன்னுகினு கீறீங்கோ? அரிசிக்கு நான் எங்கடா போவேன்?"

மன்றம் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. ஜெயவேலும் சிரித்தான். சிரிப்பு அடங்கும் முன்பே, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, "அந்த மாடில நிக்கற பொண்ணுக்கு நாலு மணிக்கு எடம் கீதுன்னு சொல்லுங்கோ," என்றது.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு அந்த மன்றம் பிறகு சிலவற்றைச் செய்தது, சிலவற்றைச் செய்யவில்லை. ஜெயவேல் இரவுப் பாடத்துக்குச் சில நாள் போனான். யார்டு வேலை முடிந்து தூக்கம் வந்ததால் நிறுத்திவிட்டான். இரண்டு வருஷம் கழித்து மறுபடி தொடங்கினான் என்று கார்குழலி சொன்னாள். தேர்வுக்கு அவனை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் நான்கு மணிக்கு அவள் வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே நின்றாள். ஜெயவேல் ஷூ போட்டுக்கொண்டு வந்தான். பெண்கள் நேரம்தான், ஆனாலும் பாஸ்கர் மாஸ்டர் தடுக்கவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போய், பந்தை இடது காலுக்குக் கீழே நிறுத்தினான்.

"உள்ள வந்துட்டேன்டி. வா."

கார்குழலி ஓடிப்போய் சிவந்தியை விலக்கிக் கம்பத்துக்கு நடுவில் நின்றாள். அவன் அடித்த முதல் பந்து அவள் கைக்கு மேலே உள்ளே போனது.

"கண்ண மூடினியாக்கா?" என்றாள் சிவந்தி.

"இல்லடி," என்றாள் கார்குழலி. "பழக்கம் வுட்டுப் போச்சு. ஜெயாண்ணா, இன்னொண்ணு அடி."